பூமிசாத்திரப் பகுதியின் நோக்கம்

பூமிசாத்திரத்தையும் சரித்திரத்தையும் ஒன்றாகக் கரைத்துப் புதிதாக ஒரு பாடம் கொண்டுவருகிறார்களாம். அதற்கு நோக்கம் எழுத வேண்டுமாம். போன கிழமை வெள்ளவத்தையில் என் வீடு தேடி இரண்டு இளம் ஆசிரியைகள் வந்து, "டீச்சர், நீங்கள் அந்தக் காலத்திலேயே பகுதித் தலைவியா இருந்தனீங்களாம். இந்த நோக்கங்களை எப்பிடி எழுதிறது எண்டு ஒருக்காச் சொல்லித் தாங்கோ" என்றார்கள். தேத்தண்ணீர் கொடுத்தேன். நோக்கமும் சொல்லிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர்களில் ஒருத்தி, "பிள்ளை செய்து காட்டக்கூடியதா இருக்க வேணுமாம் டீச்சர். நாங்கள் கண்ணால பாக்கக்கூடியதா" என்றதும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். இதை ஏதோ புதுச் சங்கதி என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே கொட்டாஞ்சேனையில் நாங்கள் அப்படித்தான் எழுதினோம். அப்படி எழுதி ஒரு மனிதனைத் தொலைத்தோம். அவர்களிடம் அந்தக் கதையைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அதனால் இப்போது எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் பயிற்சி பெற்றேன், அரைவேக்காட்டுச் சோறு தின்றேன், பாடக்குறிப்பு எழுதி எழுதி விரல் காய்த்தது, சான்றிதழ் கிடைத்தது. அப்பா வெள்ளவத்தையில் வீடு எடுத்திருந்தார். அங்கிருந்து கோட்டைக்கு ரயில், பிறகு புறக்கோட்டைச் சனத்துக்குள் இடிபட்டு, செட்டியார் தெருவால் நடந்து கொட்டாஞ்சேனை. மூட்டை தூக்குகிறவர்கள் "ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்திக்கொண்டு வர, சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் முதல் மணிக்குப் போய்ச் சேருவேன்.

பாடசாலை ஒரு மேட்டில் இருந்தது. மேல்மாடி யன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். கனிஷ்ட பாடசாலை. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எடுத்து, எட்டாம் வகுப்பு வரை படிப்பித்து, பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவது எங்கள் வேலை. துறைமுகத் தொழிலாளியின் பிள்ளை, செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளையின் பிள்ளை, தெமட்டகொடை ரயில்வேக்காரரின் பிள்ளை, புறக்கோட்டை முஸ்லிம் வியாபாரியின் பிள்ளை எல்லாம் ஒரே வாங்குப் பலகையில் இருக்கும். ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர். எல்லாப் பாடமும் அவர் தலையில். அருளம்பலம் வரும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

அருளம்பலம் எங்கள் தலைமையாசிரியர். லண்டனுக்குப் போய்க் கல்வி டிப்ளோமா எடுத்து வந்தவர். வந்த முதல் தவணையிலேயே பாடசாலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். இங்கிலீஷ், தமிழ், எண்கணிதம், பூமிசாத்திரம், சுகாதாரம், சித்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி, ஒரு தலைவர், ஒரு அறை. ஆசிரியர் தன் அறையிலேயே இருப்பார். மணி அடித்தால் பிள்ளைகள் அறை மாறுவார்கள். எண்கணிதப் பகுதியை என் தலையில் கட்டிவிட்டார். சரித்திரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் சரித்திரம் அந்த வருஷம் இல்லை.

அந்த மனிதர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. சத்தம் போடுகிற தலைமையாசிரியர்கள் பலரைப் பிறகு கண்டேன். அவர்களோடு காலம் தள்ளலாம். கத்தி முடிந்ததும் ஆறிவிடுவார்கள். இவர் ஆறுவதற்கு முதலில் சூடாக வேண்டுமே! வெள்ளைக் கோட்டு, மடிப்புக் குலையாத வேட்டி, முன்னால் ஒரு சிவப்புப் பென்சில். மேசையில் வேறு ஒன்றும் இருக்காது.

திங்கட்கிழமை பாடசாலை விட்டதும் பகுதித் தலைவர்கள் கூட்டம். தலைவர் எழுந்து தன் பகுதியின் நோக்கத்தை வாசிக்க வேண்டும். ஒரேயொரு வசனம். வாசித்து முடிந்ததும் தாளை அவரிடம் நீட்ட வேண்டும். அவர் ஒரு சொல்லை வெட்டித் திருப்பித் தருவார். வெட்டியதை விட்டுவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். மறுபடி ஒரு சொல் போகும். நின்றுகொண்டே இருக்க வேண்டும். இருக்கச் சொல்ல மாட்டார். என் முதல் வசனம், 'மாணவரிடத்தே கணித அறிவையும் சிந்தனைத் திறனையும் நேர்மையையும் வளர்த்தல்' என்பது. பயிற்சிக் கல்லூரியில் அப்படித்தான் படிப்பித்திருந்தார்கள்.

"நேர்மை எந்தப் பாடவேளையில நடக்குது மிஸ்? செவ்வாய்க்கிழமையோ, புதனோ?" என்று கேட்டார்.

"அது எல்லாப் பாடத்துக்குள்ளயும் வரும் சேர்."

"வந்தா எனக்குக் காட்டுங்கோ. ஒரு பிள்ளை எழும்பி நிண்டு நேர்மையைச் செய்து காட்டட்டும். நான் பாக்கிறன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவருடைய கணக்கு இதுதான்: பாடசாலைகளைப் பரிசோதிக்க வருகிற வித்தியாதரிசி கதவைத் திறந்து உள்ளே வந்தால், பிள்ளை அதைச் செய்துகொண்டிருப்பதைக் கண்ணால் காண வேண்டும். அப்படிக் காண முடியாவிட்டால் அது நோக்கமில்லை, ஆசை. "இது நோக்கமோ, ஆசையோ?" என்று மெல்லக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து தமிழ்ப் பண்டிதர் ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று வரவில்லை. கடைசியில் என் வசனம், 'பிள்ளை தான் அளந்ததைக் கணக்காக்கிக் காட்டும்' என்று வந்து நின்றது. சுகாதாரம், 'பிள்ளை தன் நகத்தைத் தானே வெட்டும்' என்று முடிந்தது. பண்டிதருக்குக் கிடைத்தது, 'பிள்ளை ஒரு கடிதம் எழுதும்.' "இவ்வளவு இலக்கணமும் படிச்சு வந்தது கடிதம் எழுதப் பழக்கவோ? கண்டறியாத நோக்கம்!" என்று பண்டிதர் ஆசிரியர் அறையில் வந்து பொரிந்தார். கூட்டத்தில் வாயே திறக்கவில்லை.

வசனம் முடிந்ததும் சித்திர மாஸ்டர் அதைக் கறுப்புப் பலகையில் வெள்ளை மையால் எழுதி அந்த அந்த அறை வாசலுக்கு மேலே மாட்டுவார். அருளம்பலம் ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்லுவார்: "இனி இது உங்கடை வசனம். என்ர பேர் இதில எங்கையும் வரப்படாது." நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம். என்ன விசர்க் கூட்டம் நாங்கள்!

சும்மா சொல்லக்கூடாது, அந்த முறையால் பிள்ளைகள் உண்மையாகவே முன்னுக்கு வந்தார்கள். என் அறையில் மனனம் செய்வது நின்றுபோனது. வாங்கை அளந்தார்கள், மைதானத்தை அளந்தார்கள், சுகாதார டீச்சரின் கொண்டையைக்கூட ஒரு பயல் நூல் பிடித்து அளந்து அடி வாங்கினான். ஆனால் பாடசாலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூமிசாத்திரப் பகுதிதான்.

அதன் தலைவர் பிலிப்பு மாஸ்டர். முகத்துவாரத்து ஆள். மீன்பிடிக்கிற குடும்பத்தில் முதன்முதல் படித்து ஆசிரியராக வந்தவர். மீசைக்கு எண்ணெய் போடுவார். அவர் ஆசிரியர் அறையில் இருந்தால் மற்றவர்கள் கதைக்க இடம் கிடைக்காது. என்னைக் கண்டால் போதும், "பூரணம் டீச்சர், உங்கடை யாழ்ப்பாணத்தில ஒரு ஆறு இருந்தாச் சொல்லுங்கோ, இந்த மீசையை எடுக்கிறன்" என்பார். வழுக்கையாறு இருக்கிறதே என்றால், "மாரிக்கு ஓடுறதெல்லாம் ஆறோ? அப்ப எங்கடை ஒழுங்கையும் ஆறுதான்" என்பார். அவரோடு கோபிக்க முடியாது.

அவருடைய அறையில் ஒரு சுவர் முழுவதையும் கரும்பலகைப் பூச்சுப் பூசி, வெள்ளைக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார். நடுவில் எங்கள் பாடசாலை. மேற்கே துறைமுகக் கரை, வடக்கே முகத்துவாரம், மற்றப் பக்கங்களில் கொட்டாஞ்சேனைத் தெருக்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீடு இருக்கிற கட்டம் சொந்தம். அந்தக் கட்டத்துக்குள் இருக்கிற தெரு, பைப்படி, தேத்தண்ணிக் கடை, மரம், கோயில் எல்லாவற்றையும் பிள்ளை தன் காலடியால் அளந்து வந்து வரைய வேண்டும். தன் காலடி எவ்வளவு நீளம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காலடியை, மூன்றடி ஒரு யார் என்று, யாராக்கிக் கணக்குப் பார்ப்பதற்கு என் அறைக்கு வருவார்கள்.

பிலிப்பு மாஸ்டர் கொண்டுவந்த வசனம், 'பிள்ளை தன் கட்டத்தில் கண்ட மாற்றத்தை வரையும்' என்பது. அருளம்பலம் அதை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அந்தச் சிவப்புப் பென்சில் ஒன்றையும் வெட்டாமல், புதிதாக எழுதியது. 'ஒருவரும் சொல்லாமலே' என்று சேர்த்துவிட்டு, "சொன்னாச் செய்யிறதுக்கு வண்டில் மாடு போதும், மிஸ்டர் பிலிப்பு. சொல்லாமச் செய்யிறதுதான் படிப்பு. இப்ப வாசியுங்கோ" என்றார். பிலிப்பு மாஸ்டர் வாசித்தார்: 'பிள்ளை தன் கட்டத்தில் கண்ட மாற்றத்தை ஒருவரும் சொல்லாமலே வரையும்.' மற்ற ஐந்து தலைவர்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த இரண்டு ஆசிரியைகளிடமும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் அந்த அறை வாசலில் நின்று எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மாஸ்டர் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார். பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் வருவார்கள், சோக்கை எடுப்பார்கள், தங்கள் தங்கள் கட்டத்துக்கு முன்னால் போய் நிற்பார்கள். ஒருத்தி, விழுந்த ஈரப்பலா மரத்தை அழிப்பாள். ஒருவன், மூடின கடைக்கு மேலே குறுக்குக் கோடு போடுவான். கட்டத்தில் ஒன்றும் மாறாத பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வித்தியாதரிசி வந்து பார்த்துவிட்டு, இதைப் போல ஒன்றை இலங்கையில் வேறெங்கும் காணவில்லை என்று சொல்லிப் போனார். அருளம்பலம் அன்று சிரித்தார்.

பிறகு ஜப்பான்காரன் சண்டைக்கு வந்தான். சிங்கப்பூர் விழுந்ததும் கொழும்பில் பாதிச் சனம் பெட்டி கட்டியது. யாழ்ப்பாண ரயிலில் நிற்க இடமில்லை. எங்கள் வகுப்புகள் அரைவாசியாகிவிட்டன. மேல்மாடி யன்னலில் கறுப்புத் துணி தொங்கியது. துறைமுகம் முழுக்கப் போர்க்கப்பல். கரையோரத்தில் முள்ளுக்கம்பி வேலி, மண்மூட்டை, பீரங்கி. தெருவில் எங்கு பார்த்தாலும் ஆமி.

பிலிப்பு மாஸ்டர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்தார். அன்றைக்கு மீசைக்கு எண்ணெய் போட்டிருக்கவில்லை.

"சேர், கடற்கரைப் பக்கத்துக் கட்டங்களை இப்போதைக்கு விட்டிடுவமே. பிள்ளையள் வேலிக்குக் கிட்டப் போய் அடி அளந்தா வில்லங்கம் வரும்."

"வித்தியாதரிசி அடுத்த மாசம் வாறார். சுவரில பாதி பழசாக் கிடந்தா நான் என்னெண்டு சொல்லுறது?"

"சண்டை எண்டு சொல்லலாம்தானே சேர்."

"சண்டை எந்தப் பகுதியின்ர பாடம், மிஸ்டர் பிலிப்பு?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த திங்களும் மாஸ்டர் எழுந்து அதையே கேட்டார். "நோக்கத்தை நீங்கள் எழுதினீங்கள். நீங்களே அதை அடிக்கப் போறீங்களோ?" என்று சொல்லிவிட்டு அருளம்பலம் அடுத்த பகுதியைக் கூப்பிட்டார். நான் இடையில் எழுந்து, "பிள்ளையளின்ர உயிர் விஷயம் சேர்" என்றேன். "எண்கணிதத்துக்கு இன்னும் முறை வரேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் தன் பாட்டில், கடற்கரைக் கட்டங்களுக்குச் சொந்தமான பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "இனி அங்காலை போகப்படாது, சரியோ? கோடும் போடப்படாது" என்று சொன்னார். எல்லாருக்கும் சொன்னார், ஒருவனைத் தவிர. அவன் சேவியர். துறைமுகத்தில் சரக்குப் படகில் வேலை செய்கிறவரின் மகன். ஒல்லிப் பையன், முன்பல் உடைந்தவன். அந்தக் கிழமை முழுக்க அவன் கூகைக்கட்டு வந்து, கன்னம் வீங்கி வீட்டில் கிடந்தான். அவன் பாடசாலைக்குத் திரும்பி வரும்போது மாஸ்டருக்கு அவன் அன்று இல்லாதது ஞாபகம் வரவில்லை. சேவியரின் வீட்டுக்குப் பின்னாலேயே, அவனுடைய கட்டத்துக்குள்ளேயே, ஒரு பீரங்கியும் வேலியும் வந்திருந்தன. ஒரு கிழமையாகத் தன் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டோமே என்று அந்தப் பிள்ளைக்குக் கவலை. வியாழக்கிழமை பின்னேரம் வேலியோரமாக அடி அளந்துகொண்டு போனவனைக் காவல்கார ஆமிச் சோல்தாது பிடரியில் பிடித்தான்.

யார் அளக்கச் சொன்னது என்று கேட்டார்களாம். "ஒருத்தரும் சொல்லேல்லை" என்றானாம். அடித்துக் கேட்டார்களாம். அதையேதான் சொன்னானாம். பிறகு ஏனடா அளந்தாய் என்று கேட்க, "சொல்லாமலே செய்ய வேணும் எண்டுதான் பள்ளிக்கூடத்தில பழக்கினவை" என்றிருக்கிறான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அந்தப் பதிலைக் கேட்டால் உளவுக்குப் பழக்கியிருக்கிறார்கள் என்றுதானே எவனும் நினைப்பான்!

வெள்ளிக்கிழமை காலை பொலிஸ் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், கூட ஒரு சிங்களச் சார்ஜன். அதிகாரி வாசல் பலகையை அண்ணாந்து பார்த்து, எழுதியிருப்பதைச் சொல்லச் சொன்னார். சார்ஜன் மொழிபெயர்த்தார். உள்ளே போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். தெருக்கட்டங்களில் பிள்ளைகள் மண்மூட்டைகளையும் பதுங்கு குழிகளையும் கோயில் வளவில் ஆமி போட்ட குசினியையும் ஒன்று விடாமல் வரைந்திருந்தார்கள். அழகாக வேறு வரைந்திருந்தார்கள். அதிகாரி அதைப் படம் பிடிக்க வைத்தார். பிறகு எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, இது யாருடைய உத்தரவு என்று இங்கிலீஷில் கேட்டார்.

அருளம்பலம் நிதானமாகப் பதில் சொன்னார். இந்தப் பாடசாலையில் ஒவ்வொரு பகுதியும் தன் நோக்கத்தைத் தானே வகுக்கிறது, தலைமையாசிரியர் தலையிடுவதில்லை.

பிலிப்பு மாஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தான் கேட்டது சரிதானா என்று ஒருவர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "அந்தச் சொல்லைச் சேர்த்தது" என்று தொடங்குவதற்குள், "மிஸ், உங்கடை வகுப்புத் தனிய நிக்குது" என்றார் அருளம்பலம். அதிகாரி அதற்குள் மாஸ்டரின் தோளில் கை வைத்துவிட்டார். சார்ஜன் வாசல் பலகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும், சுவரைத் துடைக்கச் சொல்லி அருளம்பலம் உத்தரவு போட்டார். பிள்ளைகளுக்கு ஈரத்துணி கொடுத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் கட்டத்துக்கு முன்னால் போய் நின்று தானே துடைத்தது. சில பெண் பிள்ளைகள் அழுதார்கள். சேவியரின் கட்டத்துக்கு ஆளில்லை. அருளம்பலம் தன் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்து, கைக்குட்டையை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் மாஸ்டரின் மனைவி எலிசா அக்கா என்னைத் தேடி வெள்ளவத்தைக்கு வந்தா. "தங்கச்சி, நீங்கள் அங்க இருந்தனீங்கள்தானே? வந்து சொல்லுங்கோவன்" என்று கையைப் பிடித்துக்கொண்டா. மற்றப் பகுதித் தலைவர்களையும் கேட்டுப் பார்த்தோம். பண்டிதர், "எனக்குக் கட்டிக்குடுக்கிற வயசில குமர்ப்பிள்ளையள் இருக்கு" என்று கதவை மெல்லச் சாத்தினார். நானும் எலிசா அக்காவும் மட்டும் பொலிசுக்குப் போனோம். அதே அதிகாரிதான் இருந்தார். மாஸ்டர் இரண்டு தரம் நிறுத்தக் கேட்டார், தலைமையாசிரியர் விடவில்லை, 'ஒருவரும் சொல்லாமலே' என்று எழுதியது தலைமையாசிரியரின் கை, இதெல்லாம் என் கண்ணால் கண்டது என்று இங்கிலீஷில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நீங்கள் எந்தப் பகுதி என்றார். எண்கணிதம் என்றேன். பூமிசாத்திரப் பகுதியின் விஷயம் எண்கணிதப் பகுதிக்கு எப்படித் தெரியும் என்றார். எனக்கு மண்டை விறைத்துப்போயிற்று. "அந்தப் பிள்ளையளுக்கு அடியை யாராக்கப் படிப்பிச்சவளே நான்தான். அப்ப என்னையும் பிடியுங்கோ" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். சார்ஜன் அதை மொழிபெயர்த்ததும் அதிகாரி சிரித்து, கணக்குப் படிப்பிப்பது குற்றமில்லை என்றார்.

வெளியே வந்தபோது சார்ஜன் பின்னால் வந்தார். புறக்கோட்டைத் தமிழில், "நோனா, வீட்ட போங்க. உங்க இஸ்கோல பெரிய மாத்தயா ஒரு வார்த்த சொன்னா மாஸ்டர் இன்னைக்கே வீட்ட வரலாம். நீங்க சொல்லி ஒண்ணும் ஆகாது" என்றார்.

நேரே அருளம்பலத்திடம் போனேன். சனிக்கிழமையாக இருந்தும் பாடசாலையில் தன் மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"சேர், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம்."

"ஆமி இந்தக் கட்டடத்தில கண் வைச்சிருக்கு, மிஸ். தலைமையாசிரியரே வரையச் சொன்னவர் எண்டா நாளைக்கே பூட்டிப் போடுவினம். இவ்வளவு பிள்ளையளும் எங்க போறது?"

"பிலிப்பு மாஸ்டர் எங்க போறது?"

"பள்ளிக்கூடத்தைக் காப்பாத்த ஒரு பகுதியை விட வேண்டி வந்தா விடத்தான் வேணும்."

"பகுதி இல்லை சேர், மனுசன்! அந்த மனுசிக்கும் பிள்ளையளுக்கும் ஆர் பதில் சொல்லுறது? உண்மையைச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை."

பென்சில் தூளை மேசையிலிருந்து ஊதிவிட்டார். "அது ஆசை, மிஸ்" என்றார்.

அவருடைய கோதாரி விழுந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. புரட்டவில்லை. அடுத்த திங்கட்கிழமை என்னை எண்கணிதத்திலிருந்து எடுத்துப் பெண் பிள்ளைகளின் தையலுக்குப் போட்டார்.

பிறகு கொழும்பில் குண்டு விழுந்தது. ஆமி வந்து எங்கள் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. மாஸ்டரைக் கொடுத்துக் காப்பாற்றின கட்டடத்தில் சோல்தாதுகள் சட்டை காயப் போட்டார்கள். அருளம்பலம் வேறொரு பெரிய பாடசாலைக்கு உயர்வு பெற்றுப் போனார். அங்கே புது ஆசிரியர்களுக்கு நோக்கம் எழுதுவது பற்றி விரிவுரை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

மிஞ்சிய பிள்ளைகளோடு எங்கள் பாடசாலை வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தது. பகுதியும் இல்லை, பலகையும் இல்லை. பழையபடி ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர். என் வகுப்பில் சேவியர் இருந்தான். அவர்களுடைய வீடு வேலிக்குள் போய்விட்டதால், நெசவாலையில் வேலை செய்கிற மாமனோடு வெள்ளவத்தைக்கு வந்திருந்தார்கள். அவனை வீட்டுக்கு விட்ட பிறகும் பொலிஸ் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. கடைசி வாங்கில் இருப்பான். சொன்னதை எழுதுவான். வாசலால் யானை போனாலும் தலை நிமிர மாட்டான்.

மாஸ்டரை நீண்ட காலம் வைத்திருந்தார்கள். வழக்கு என்று ஒன்றும் நடக்கவில்லை. விடும்போது சான்றிதழைப் பறித்துவிட்டார்கள். இனி எங்கும் படிப்பிக்க முடியாது. அவர் எங்களிடம் வந்தது ஒரு பத்து மணி வெயிலில். வாசலில் நின்றவரை யாரென்று எனக்கு உடனே மட்டுப்பிடிக்க முடியவில்லை. மீசை இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உள்ள வாங்கோ மாஸ்டர்" என்றேன்.

"இல்லை டீச்சர், நிக்கேல்லை. சேவியர் இஞ்ச படிக்கிறான் எண்டு எலிசா சொன்னவ. அவனுக்கு மட்டும் அண்டைக்குச் சொல்ல மறந்திட்டன். அவன்ர முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை கதைச்சிட்டுப் போறன்."

சேவியரை வாசலுக்குக் கூப்பிட்டேன். வந்து நின்றான்.

"என்னடா, வளந்திட்டாய்!" என்று மாஸ்டர் அவன் தலையைத் தொடக் கையை நீட்டினார். அவன் ஓரடி பின்னுக்குப் போனான். கண் நிலத்தில்.

"சேவியர், ஆரெண்டு தெரியுதோ?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியாது டீச்சர். எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நான் ஒண்டும் பாக்கேல்லை" என்று பாடம் ஒப்பிப்பது போல, ஒரே மூச்சில் சொன்னான்.

மாஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். "நல்லது ராசா. எப்பவும் அப்பிடியே சொல்லு" என்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, படலையைத் திறந்துகொண்டு காலி வீதிப் பக்கமாகப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. ஒரு வருஷத்துக்குள் செத்துப்போனார் என்று எலிசா அக்கா சொல்லித்தான் தெரியும்.

அவர் போனதும் சேவியர் வகுப்புக்குப் போகாமல் அங்கேயே நின்றான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டருக்குக் காலில செருப்பில்லை டீச்சர்" என்றான்.

நான் கவனிக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ரெண்டு காலும் முழுக்கத் தார். வெயிலுக்குக் காலி வீதித் தார் இளகியிருக்கு. முகத்துவாரத்திலயிருந்து நடந்துதான் வந்திருக்கிறார்."

"ஓடு சேவியர், ஓடிப் போய் மறி. இதை அவருக்குச் சொல்லு. நீ பாத்தனீ எண்டு சொல்லு" என்று அவன் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அவன் அசையவில்லை.

"டீச்சர், நான் பாத்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ" என்றான்.